கெசியா தைத்த எண்கள்

ஈரச் சட்டையை உதறும்போது எண் சொல்லித்தான் உதறுவார் கெசியா லூமிஸ். "ஏழு." பட். "பத்தொன்பது." பட். "கனெக்டிகட் நாலு." பட். துணியை எண்ணுகிறார் என்று ஊருக்குப் புதியவர்கள் நினைப்பார்கள். அவை பட்டாளங்களின் எண்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் எட்டு வருஷம் நம் கனெக்டிகட் ஸ்டேட் காலாட்படையோடு நடந்து, சிப்பாய்களுக்குத் துணி வெளுத்தவர். வயது எழுபத்து நாலு.

இரண்டு குளிர்காலம் மட்டும் பள்ளிக்குப் போனவன் நான். இன்று மூன்று மாவு மில் என்னுடையவை. இந்த ஊரில் எவர் முன்னும் நான் தொப்பியைக் கழற்றியதில்லை, இவரைத் தவிர.

இடுப்பில் எப்போதும் ஒரு நாடா சுற்றியிருப்பார். பட்டாளத்துக்குப் பட்டாளம் சட்டை மாறிவிடாமல் இருக்க, ஓரத்தில் சிவப்பு நூலால் எண் தைப்பாராம். மாதிரியை முதலில் இந்த நாடாவில் போட்டுப் பார்ப்பார். மேலிடம் ஒரு பட்டாளத்தின் எண்ணை மாற்றும்போதெல்லாம், பழைய தையலைப் பிரிக்காமல் அதன் கீழே புதியது. எழுத்து தெரியாது, எண் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை நான் கெசியா வீட்டில் இருந்தபோது, பழைய சிப்பாய் ஆசகேல் கோ அங்கே வந்தார். 'கர்னல் ஆல்வர்டின் பட்டாளம்' என்று சத்தியம் செய்து கொடுத்த பென்ஷன் மனு திரும்பிவிட்டது. நீதிபதியின் பட்டியலில் எண்கள்தான் உண்டு; கர்னல் பெயர் கிடையாது. பென்ஷன் வராவிட்டால் மார்ச் ஊர்க்கூட்டத்தில் ஆசகேலை ஏலம் விடுவார்கள். ஆதரவற்றவருக்கு ஊர் தரும் காசில், எல்லாரையும்விடக் குறைவாகக் கேட்டுச் சோறு போடுகிறேன் என்பவன் வீட்டுக்கு அவர் போக வேண்டியதுதான்.

"நாங்க இருந்த படையே இல்லேங்கிறான்க்கா. அப்ப என் கால்விரல் மூணு எங்க போச்சாம்?"

"வாயாடாம உக்காரு. கர்னல் பேர விடு. பட்டாளம் என்ன நம்பர்?"

"ஏழு. அது மட்டுந்தான் ஞாபகம்."

"அது மொத வருஷம்டா, மண்டு. அடுத்த வருஷம் பத்தொன்பது. அப்புறம் கனெக்டிகட் நாலு. கடைசியில ரெண்டு பட்டாளத்தக் கலந்து, கனெக்டிகட் ரெண்டுன்னாங்க. ஆளு அதே ஆளு. சட்டையும் அதே நாத்தம்."

"உங்க ஞாபகத்த நீதிபதி நம்பணுமே அக்கா," என்றேன்.

"ஞாபகத்த நம்ப வேணாம் தம்பி. நூலப் பாக்கட்டும்."

வெளுத்தவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அந்த எட்டு வருஷத்துக்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நாடா. அதை அவிழ்த்தார். ஆசகேலின் நான்கு எண்கள் இருந்த நுனியைச் சாண் நீளம் வெட்டி, அவர் கோட்டின் உட்புறம் ஊசியால் குத்திவிட்டார்.

"நாளைக்கு இதக் காட்டு. ஏழுலேருந்து வரிசையாச் சொல்லு."

பிறகு மீதி நாடாவின் வெட்டுப்பட்ட முனை பிரிந்துவிடாமல் மடித்து, சிவப்பு நூல் கோத்து, ஓரம் தைக்க உட்கார்ந்தார்.