துவக்கும் துடக்கும்

என்னட்டை நாலு துவக்கு இருந்தது. நாலும் பழைய பட்டாளத்துத் துவக்குகள், என்னைவிட வயசு கூடினதுகள். இதைச் சொன்னவுடனே ஆக்கள் ஒருமாதிரிப் பாக்கத் தொடங்கிவிடுவினம். பயப்பிடாதேங்கோ. சூட்டுக் கழகத்தில சேர்ந்து, சோதினை எழுதி, அரசாங்கக் கந்தோரில அனுமதி அட்டை எடுத்து, சட்டப்படி இரும்பலுமாரியில பூட்டி வைச்சிருந்தனான். ஜேர்மன்காரன் சும்மா விடுவானே?

மருமகன் தமிழ்நாட்டுப் பெடியன், வால்டோர்ஃபில கம்பியூட்டர் வேலை. என்னட்டை நாலு துவக்கு இருக்கெண்டு முதல்தரம் சொன்னபோது, எதைத் துவக்கணும் மாமா எண்டு கேட்டார். அவையின்ர தமிழில அது ஆரம்பிக்கிறது. மகள்தான் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சுப்போட்டு, துப்பாக்கியெண்டு விளங்கப்படுத்தினவள். அதுக்குப் பிறகு அவர் என்னோட கொஞ்சம் கூடின மரியாதையோடதான் கதைக்கிறார்.

என்ர மனிசிக்கு இதொண்டும் பகிடியில்லை. ஊரில துவக்குக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்ச துவக்கு வாங்கி அடுக்கிற ஒரே விசரன் நான்தானாம். ஆக்களுக்கு முன்னாலயே சொல்லுவா. நியாயம் அவவின்ர பக்கம்தான், நான் இல்லையெண்டேல்லை. ஆனா எனக்குச் சுடுறதில பெரிய ஆசையில்லை. சனிக்கிழமை கழகத்துக்குப் போய் நாலு வெடி வைச்சிட்டு, அங்கத்தை ஜேர்மன்காரர் தங்கட ஊர்ப்பேச்சில வேகமாக் கதைக்க, விளங்கின மாதிரிச் சிரிச்சுக்கொண்டு கோப்பியைக் குடிச்சிட்டு வந்திடுவன். எனக்குப் பிடிச்சது திருத்திற வேலை.

வாங்கேக்க அதுகள் ஊத்தை பிடிச்சு, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருக்கும். மண்கடதாசி எடுத்து உரோஞ்சினியளோ, சரி, பழசின்ர முத்திரையெல்லாம் அழிஞ்சு நாசம். மரத்தில பள்ளம் விழுந்த இடத்தில ஈரத்துணியைப் போட்டு, சூடான ஸ்திரிக்கைப்பெட்டியை மெல்ல வைக்கவேணும். ஆவி உள்ள போக, அமந்துபோன மரம் தானா எழும்பி வரும். பிறகு ஆளிவிதை எண்ணெயைக் கையால தேய்ச்சு, காயவிட்டு, திரும்பத் தேய்க்கவேணும். அவசரப்பட ஏலாது. வேலைத்தலத்தில மெஷின் ஓடு ஓடெண்டு என்னைக் கலைக்கும். இஞ்ச என்னைக் கலைக்க ஒருத்தரும் இல்லை.

வேலை நடக்கிறது குசினி மேசையில. ஸ்திரிக்கைப்பெட்டி மனிசியின்ரை. ஒருக்கா, தேர்த்திருவிழாவுக்குக் கட்டவெண்டு அவ அந்தப் பெட்டியால மினுக்கின சீலையில எண்ணெய்க் கறை பிடிச்சிட்டுது. அண்டைக்கு அவ கத்தேல்லை. கத்துறதைவிட அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

அந்த வருசம்தான் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பத்தியம் பாக்க மனிசி வால்டோர்ஃபுக்குப் போனா. எனக்கு லீவில்லை. அவ போக வீடு ஓவெண்டு போச்சு. ரீவியைப் போட்டுவிட்டிட்டு மற்ற அறைக்குள்ள இருப்பன். ஆரோ கதைக்கிற சத்தம் கேட்டால் போதும். கொஞ்ச நாளில துவக்கோடயே கதைக்கத் தொடங்கியிட்டன். ஸ்திரிக்கைப்பெட்டியை வைக்கேக்க, பொறு ராசா, சுடுகுதே எண்டு கேப்பன். வெளியில சொன்னால் வெக்கக்கேடு.

ஒருநாள் ரெலிபோனில மனிசியிட்டை, எப்ப வாறீர் எண்டு கேட்டன். பின்னால பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. கழிச்சாப் பிறகு வாறன் எண்டு அவ சொன்னது வடிவாக் கேட்டுது. அதுக்கு முன்னால சொன்ன சொல்லு அழுகையோட கலந்துபோச்சு. துடக்கு எண்டு நான் எடுத்தன். பிள்ளை பிறந்த வீட்டுத் துடக்கை, மருமகன்ர ஆக்கள் தீட்டு எண்டுறதை, முப்பத்தொண்டாம் நாள் ஐயர் வந்து கழிச்சு விடுவார், அதோட மனிசி வந்திடுவா. வேற என்னத்தைச் சொல்லப்போறா? எனக்குச் சந்தோசம் தாங்கேலாமப் போச்சு. வீட்டைக் கழுவினன், திரைச்சீலை மாத்தினன். மேசையில கிடந்த நாலாவது துவக்கை அவ வரமுதல் முடிக்கவேணுமெண்டு குந்தியிருந்து முடிச்சு, அலுமாரிக்குள்ள வைச்சன். என்ர கையால செய்ததில அதுதான் திறம்.

முப்பத்தொண்டுக்குக் காரில போனன். அவவின்ர சூட்கேசுகளுக்கு இடம் வேணுமெண்டு பின்சீற்றை வெறுமையாக்கிப்போட்டுத்தான் போனனான். ஐயர் தண்ணி தெளிச்சார். பிள்ளையைத் தூக்கினன். எல்லாரும் சாப்பிட்டம். பிறகு குசினிக்குள்ள போய், இருட்டமுதல் வெளிக்கிடுவம் எண்டு மனிசிக்குச் சொன்னன். அவ சட்டி தேய்ச்சுக்கொண்டு நிண்டா. உடுப்பு ஒண்டும் அடுக்கேல்லை எண்டா.

"துடக்குத்தான் கழிச்சாச்சே," எண்டன்.

அவ தண்ணிக்குழாயைப் பூட்டினா. "நான் துடக்கு எண்டு சொல்லேல்லை. துவக்கு எண்டு சொன்னனான்."

ஒரு டானாவுக்கும் வானாவுக்கும் இடையில நான் இவ்வளவு நாளும் சந்தோசமா இருந்திருக்கிறன்.

அவ கட்டித்தந்த சாப்பாட்டுப் பெட்டியளைப் பக்கத்துச் சீற்றில வைச்சுக்கொண்டு திரும்பினன். வழியெல்லாம் கோவம். முப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்தின மனிசனுக்கு இப்படியே நிபந்தனை போடுறது? நானும் விடமாட்டன் எண்டு ஸ்ரியரிங்கில குத்தினன். வீட்டுக் கதவைத் திறக்க, கழுவின தரையின்ர சோப்பு மணம் இன்னும் நிண்டுது. கோவம் அப்படியே இறங்கிப்போச்சு. எனக்கு அவ வேணும். வேற ஒண்டும் வேண்டாம்.

கழகத்தில ஒரு தச்சுவேலைக்காரர் இருந்தார், அட்டை உள்ளவர். அவருக்கே நாலையும் குடுத்தன். கந்தோருக்கும் முறைப்படி அறிவிச்சம். நாலாவதை எடுத்து மரத்தைத் தடவிப் பாத்திட்டு, இந்த வேலை ஆர் செய்தது எண்டு கேட்டார். நான்தான் எண்டன். பிறகேன் குடுக்கிறாய் எண்டார். மனிசி திரும்பி வாறா எண்டு சொன்னன். அவர் சிரிச்சுக்கொண்டு கை குலுக்கினார். அவர் போனாப் பிறகு, இந்த வெறும் அலுமாரிக்குள்ள மனிசியின்ர சீலையளை அடுக்கலாமோ எண்டும் யோசிச்சுப் பாத்தன். கொஞ்சம் எண்ணெய் மணக்கும், துடைச்சால் போயிடும்.

அண்டு பின்னேரமே ரெலிபோன் எடுத்தன். இந்தமுறை பிள்ளை அழேல்லை.

"கழிச்சாச்சு," எண்டன். "நாலும் போயிட்டுது. எப்ப வாறீர்?"

அந்தப் பக்கம் அவ கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டுது.

"நாலையுமே குடுத்திட்டியள்?" எண்டா. "நீங்கள் குடுப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை."

உமக்காகத்தான் எண்டு சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ள அவவே கதைச்சா. குரலில கோவமில்லை. பாவம் பாக்கிற குரல்.

"ஐயோ, இனி அங்க தனிய என்னப்பா செய்வியள்?"

தனிய எண்டதை அவ யோசிச்சுச் சொல்லேல்லை. வாயில தானா வந்திட்டுது. சொன்னாப் பிறகு அவவும் அதைக் கேட்டிருக்கவேணும், நேரத்துக்குச் சாப்பிடுங்கோ எண்டா.

எப்ப வாறீர் எண்டு நான் திரும்பக் கேக்கேல்லை. பிள்ளை பால் குடிச்சிட்டுதோ எண்டு கேட்டன்.