பெயர் எழுத வேண்டாம்

பெற்றிசியாவுக்கு முகங்கள் மறந்துபோகும், கையெழுத்து மறக்காது. பள்ளிமுனைக் கோவிலில் பக்கத்து வாங்கில் இருப்பவரை ஆரென்று தெரியாமலே சிரித்துவிட்டு வருவார். அதே ஆள் ஒரு துண்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தால், "இது எங்கட சங்கச் செயலாளர்ர எழுத்தெல்லோ" என்பார்.

இந்த வரம் வேலையால் வந்தது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தலைமன்னார் வீதியில் நடத்தும் கடல்வள ஆய்வு நிலையத்தின் கந்தோரில் அவர் பத்தொன்பது வருடமாக எழுதுவினைஞர். முப்பத்தெட்டு ஊழியர்களின் லீவுப் படிவமும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். 'காய்ச்சல்' என்று எழுதும்போது எழுத்து நடுங்கினால் உண்மையான காய்ச்சல், நடுங்காவிட்டால் கலியாண வீடு என்பது அவருடைய கணிப்பு. அனேகமாகச் சரியாகவே இருக்கும். அது அவருக்குப் பெருமை. வேறு பெருமைகளுக்கு அந்தக் கந்தோரில் அதிகம் வாய்ப்பிருக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் தன்னைப் பற்றித் தன் ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறியும் ஆசை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். சென்ற வருடம் மாசியில் வந்தது. 'பணியிடப் பண்பாடு பற்றிய ஊழியர் கருத்தாய்வு' என்று பெயர். இணையத்தில் நிரப்பலாம் என்றார்கள். தமிழ்ப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. ஆகவே மன்னாருக்குக் கடதாசிப் படிவம் வந்தது. அதன் தலையில் தடித்த எழுத்தில், 'பெயர் எழுத வேண்டாம். உங்கள் கருத்து இரகசியமாகப் பேணப்படும்' என்று இருந்தது.

சாப்பாட்டு அறையில் கூடியிருந்து நிரப்பினார்கள்.

"எல்லாத்துக்கும் 'உடன்படுகிறேன்' எண்டு போடுங்கோ. கெதியா முடிஞ்சிடும்," என்றார் ஒருவர்.

"அப்ப பேனை என்னத்துக்கு? ரப்பர் முத்திரை ஒண்டு தந்திருக்கலாமே." இப்படிச் சொன்னவர் அகிலன். திருக்கேதீஸ்வரம் பக்கத்திலிருந்து வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர், வாய் நீண்டவர். பெட்டியோடு மேசை மேசையாகப் போய்ப் படிவங்களைச் சேர்த்ததும் அவர்தான்.

சேர்ந்த படிவங்களை உறையிலிட்டு ஒட்டி அனுப்புவது பெற்றிசியாவின் வேலை. ஒட்டுமுன் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று பணிப்பாளர் அவற்றைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். எண்ணுவதற்கு எழுத்துகளை வாசிக்கத் தேவையில்லை. அவர் வாசித்தார்.

'வேறு கருத்துகள்' என்ற கடைசிக் கேள்வியை முப்பத்தொரு பேர் வெறுமையாக விட்டிருந்தார்கள். ஐந்து பேர் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் காவலாளி அறைக்கு மின்விசிறி கேட்டிருந்தார். மிச்சமிருந்த ஒரு படிவத்தில் மட்டும் ஆறு வரியும் நிரம்பியிருந்தன. பணிப்பாளர் அதைச் சத்தமாக வாசித்தார்:

"இங்கே எல்லாரும் ஒரே குடும்பம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லப்படுகிறது. எந்தக் குடும்பத்திலும் கோப்பை கழுவுவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே ஆட்கள் வந்தால் தேத்தண்ணித் தட்டு பெண்களின் கைக்குத்தான் வருகிறது, அவர்கள் என்ன வேலைக்கு எடுக்கப்பட்டிருந்தாலும். கூட்டத்தில் பணிப்பாளர் கேள்வி கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். பதில் கையில் இருப்பவர்கள் கருத்துக் கேட்பது எதற்கு?"

வாசித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பெற்றிசியா நம்பியிருக்கக் கூடாது.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறான். அகிலன்தானே?"

"இல்லை சேர். அகிலன்ர எழுத்து இப்பிடிச் சாயாது."

"பின்னை ஆர்?"

அந்த இடத்தில் 'தெரியேல்லை சேர்' என்று சொல்ல எவ்வளவு மூச்சுத் தேவை? பெற்றிசியா பிறகு அதை எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"அந்த 'ழ'வைப் பாருங்கோ. தூண்டில் முள்ளுமாதிரி கீழ போய்த் திரும்பி நிக்குது. றிஸ்மினா ஒராள்தான் அப்பிடி எழுதுறவ."

"ஓ," என்றார் பணிப்பாளர். படிவத்தை மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்தார். "சரி, ஒட்டுங்கோ. இரகசியம், கவனம்."

றிஸ்மினா ஆய்வுகூட உதவியாளர். வீடு உப்புக்குளத்தில். மத்தியான இடைவேளையில் ஸ்கூட்டியில் பறந்துபோய், நாலு வயது மகளைப் பாலர் பாடசாலையிலிருந்து ஏற்றித் தாய் வீட்டில் விட்டுவிட்டு ஒரு மணிக்குள் திரும்பிவிடுவார். மூன்று கிழமைக்குப் பிறகு, 'சேவையின் தேவை கருதி' அவர் தீவுக்கு வெளியே பெருநிலப் பக்கம் பாப்பாமோட்டைக் கள நிலையத்துக்கு மாற்றப்பட்டார். இரண்டு காவலாளியும் மண் மாதிரிப் போத்தல் அடுக்கும் ஒரு மேசையும் உள்ள இடம். பாலம் தாண்டி, பஸ் மாறிப் போகவேண்டும். மத்தியானம் திரும்பி வருவதென்பது கனவு. மாற்றக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் பெற்றிசியா. 'தேவை' என்ற சொல்லை இரண்டு தரம் பிழையாக அடித்தார்.

வீட்டில் கணவர் தோமஸிடம் சொன்னார். பொத்திக்கொண்டிருந்த மீன்வலையிலிருந்து தலை நிமிராமல், "நீ சொல்லாட்டிலும் அந்த மனுசன் கண்டுபிடிச்சிருக்கும்" என்றார் தோமஸ். ஆறுதல்தான். ஆனால் உண்மையில்லை: அந்த மனுசன் அகிலன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்? அகிலனைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பெற்றிசியா சில நாள் நம்பிப் பார்த்தார். அது இன்னும் நல்ல ஆறுதல். கஷ்டம் என்னவென்றால், காட்டிக்கொடுத்தது அகிலன் என்றே றிஸ்மினாவும் நினைத்தார்.

"பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவர் அவர்தானே அக்கா," என்றார் றிஸ்மினா, மேன்முறையீடு எழுத உதவி கேட்டு வந்த அன்று. "நான் எழுதினதை எட்டிப் பாத்திருப்பார். எனக்கு இந்தக் கந்தோரில நம்பிக்கையான ஆள் நீங்கள் ஒராள்தான்."

பெற்றிசியா மேன்முறையீட்டை எழுதிக் கொடுத்தார். நல்ல கடிதம். குழந்தை, பஸ், ஏழு வருடச் சேவை எல்லாம் இருந்தது. அதை வெல்லவைக்கக்கூடிய ஒரே ஒரு வரி மட்டும் இல்லை: இரகசியம் உடைந்துதான் இந்த மாற்றம் வந்தது என்ற வரி. அதை எழுதினால் 'உடைத்தது யார்' என்று அடுத்த வரி எழுதவேண்டும். றிஸ்மினா நன்றிக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார். பெற்றிசியா வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், முழுவதையும் சாப்பிட்டார்.

மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது. மாற்றத்தில் தவறு எதுவும் காட்டப்படவில்லையாம்.

பெற்றிசியா அப்போது ஒரு தீர்வு கண்டுபிடித்தார். கருத்தாய்வுப் படிவம் ஒன்றின் கையெழுத்து யாருடையது என்று பணிப்பாளர் ஓர் ஊழியரிடம் கேட்டு அறிந்துகொண்டார் என்று கணினியில் அடித்து, பெயர் போடாமல் தலைமைக் கந்தோருக்குத் தபாலில் அனுப்பினார். கையெழுத்துகளின் அரசி, தன் கையெழுத்தை மட்டும் ஒளித்துக்கொண்டார். மூன்று கிழமையில் அந்த மொட்டைக்கடிதம், ஒரு குறிப்போடு நிலையத்துக்கே திரும்பி வந்தது: 'பெயரற்ற முறைப்பாடுகள் விசாரிக்கப்படமாட்டா. கோப்பிலிடவும்.' பெயர் எழுத வேண்டாம் என்று கருத்துக் கேட்கும் பல்கலைக்கழகம், பெயர் எழுதாவிட்டால் முறைப்பாட்டை ஏற்காது. கோப்பிலிடுவது எழுதுவினைஞரின் வேலை. பெற்றிசியா தன் மொட்டைக்கடிதத்துக்குத் தானே இலக்கம் போட்டு, துளையிட்டு, கோப்பிலிட்டார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சல்லடைக்கு அந்தப் பக்கம் சுவாமி. இந்தப் பக்கம் பெயரில்லாத ஒரு பாவி. ஏற்பாடு அப்படித்தான். முழுவதையும் சொல்லி முடித்தபோது சுவாமி பெருமூச்சு விட்டார்.

"சரி பெற்றிசியா..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"செபமாலை எத்தினை சொல்லட்டும் சுவாமி?" நிறையச் சொல்லும்படி கேட்டால் நல்லது என்று அவருக்கு இருந்தது.

"செபமாலை பிறகு. முதல் அந்தப் பிள்ளையிட்டப் போங்கோ."

திங்கட்கிழமை அரைநாள் லீவு எடுத்து, பாப்பாமோட்டைக்கு பஸ் ஏறினார். லீவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதினார். எழுத்து நடுங்கியிருந்தது.

றிஸ்மினா உப்பேறிய வயல் மண்ணைப் போத்தல்களில் கரைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இஞ்ச? நல்ல செய்தியோ?"

"இல்லை." கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். இந்தமுறை கையால் எழுதியது. "தலைமைக் கந்தோருக்கு அனுப்பமுந்தி நீர் வாசிக்கோணும்."

றிஸ்மினா நின்றபடியே வாசித்தார். பாதியில் கதிரையில் அமர்ந்தார். வாசித்து முடித்தும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அகிலன் அண்ணை தன்ர மகளின்ர பிறந்தநாளுக்குக் கூப்பிட்டவர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனனான்."

"ஓம்."

"உங்களுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தனான்."

"ஓம் பிள்ளை. அதையும் சாப்பிட்டனான்."

"ஏன் அக்கா சொன்னீங்கள்?"

அகிலனைக் காப்பாற்ற என்ற பதிலை பஸ்ஸில் வரும்போது நன்றாகத் தயாரித்து வைத்திருந்தார். வந்தது அதுவல்ல.

"சேர் பிழையாச் சொன்னார். அகிலன்ர எழுத்தெண்டார். எனக்குப் பொறுக்கேலாமப் போச்சு. அவ்வளவுதான்."

றிஸ்மினா சிரித்தார். மன்னித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பில்லை அது. தாளைத் திருப்பி அடியைப் பார்த்தார். பெயர், பதவி, திகதி எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"அனுப்புங்கோ," என்றார். பிறகு மண்போத்தலைக் குலுக்கத் தொடங்கினார்.

மன்னிப்புக் கேட்டவுடன் எழுந்து போய்விடலாம் என்று நினைப்பவர்கள் பாப்பாமோட்டை பஸ் நேரத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த பஸ் மூன்று மணிக்கு. பெற்றிசியா றோட்டோரத்தில் ஒன்றரை மணித்தியாலம் நின்றார். யன்னலுக்குள்ளால் றிஸ்மினா ஃபோனில் கதைப்பது தெரிந்தது. "அகிலன் அண்ணை, நான் றிஸ்மினா..." என்பது மட்டும் கேட்டது. மிச்சம் அழுகையில் கேட்கவில்லை.

தலைமைக் கந்தோரிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். கூட்ட அறையில் கடிதத்தை முன்னால் வைத்து, "இது உங்கட கையெழுத்தோ?" என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் பெற்றிசியாவிடம் அவருடைய சொந்த எழுத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"ஓம்," என்றார். "என்ர."

இடமாற்றம் இரத்தானது. இரகசியம் பேணத் தவறியதற்காகப் பெற்றிசியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் அவரே தன் தனிப்பட்ட கோப்பில் துளையிட்டுச் சேர்த்தார். பணிப்பாளருக்கு என்ன வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய கடிதம் 'இரகசியம்' என்று குறிக்கப்பட்டு, ஒட்டியபடியே அவர் கைக்குப் போனது. அந்த ஒரு விஷயத்தில் இரகசியம் சரியாகப் பேணப்பட்டது.

றிஸ்மினா திரும்பி வந்தார். காலையில் பெற்றிசியாவின் மேசையில் இருக்கும் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடுவார், பேனையை மூடுவார், போவார். அகிலனோடு சாப்பாட்டு அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். பெற்றிசியா தன் சாப்பாட்டை மேசையிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டார். கருத்தாய்வை நிரப்பிய சாப்பாட்டு அறையில் தனக்கு இருக்க உரிமையில்லை என்று அவருக்குப் பட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, றிஸ்மினா லீவுப் படிவம் ஒன்றை மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமைக்கு லீவு. பெற்றிசியா படிவத்தின் மேல் கண்ணை ஓடவிடாமல், திகதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு, முத்திரை குத்திப் பணிப்பாளரின் தட்டில் கவிழ்த்து வைத்தார்.

றிஸ்மினா போகாமல் நின்றார்.

"என்னக்கா, காரணம் வாசிக்கேல்லையோ?"

"இல்லை."

"காய்ச்சல் எண்டு போட்டிருக்கிறன்."

"சரி பிள்ளை."

"உண்மையாக் காய்ச்சல்தான்," என்றார் றிஸ்மினா. கதவடியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

தட்டில் படிவம் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பெற்றிசியா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.