ஊசி போட்டவர்களின் அறை

என் மனைவிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்த வருஷம் நான் ஒரு பெண்ணின் மேல் பொறாமைப்பட்டேன். மத்தூரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டு அம்மா அவர். அவருக்கும் அதே நோய், அதே பெங்களூரு ஆஸ்பத்திரி.

முதல் பெட் ஸ்கேன் அன்றுதான் இருவரும் சந்தித்தார்கள். சர்க்கரையோடு கதிர்மருந்தைச் சேர்த்து ஊசியில் ஏற்றி, அது உடம்பில் பரவும்வரை நோயாளிகளைத் தனி அறையில் உட்கார வைப்பார்கள். புற்று இருக்கும் இடம் அந்தச் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும். கூட வந்தவர்கள் உள்ளே போக முடியாது. பேசாமல் உட்காரச் சொல்லித்தான் நர்ஸ் அனுப்பினார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் இவள் அந்த அம்மாவின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். நோய் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அப்புறம் கீமோ, ரேடியேஷன். கம்பெனியில் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓசூரிலிருந்து நான்தான் தினமும் அழைத்துப் போனேன். கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி நான் கொடுத்தால், "நெஞ்சுல நிக்குதுங்க" என்று தள்ளிவிடுவாள். இவள் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மா போனில், "மோர் விட்டு நல்லா ஆத்திக் குடி" என்றால் ஒரு டம்ளர் முழுக்க இறங்கும். மோர் விட்டு ஆற்றியதும் நான்தான்.

சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து, நோய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க இரண்டாவது ஸ்கேன். "அக்காவும் அன்னிக்குத்தான் வராங்க. எனக்கும் அதே நாளைக் கேளுங்க" என்றாள். கேட்டு வாங்கினேன்.

ரிப்போர்ட் அன்று டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தில் நெஞ்சு நடுவே பல்பு எரிவது போல இருந்தது. இரண்டாவதில் லேசான மங்கல் மட்டும்.

"நல்லா குறைஞ்சிருக்கு" என்றார். "மிச்சம் தெரியறது புற்றாவும் இருக்கலாம், ரேடியேஷனால வந்த புண்ணாவும் இருக்கலாம். ஸ்கேனை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. எண்டோஸ்கோப்பி பண்ணி, சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்."

அவள் கையைப் பிடிக்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் எழுந்துவிட்டாள். "அக்காகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

பின்னாலேயே போனேன். அந்த அம்மா வராண்டாவில் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். இவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "எனக்குக் குறையலைன்னுட்டாங்கம்மா. ஈரல்லயும் புதுசா ஒண்ணு தெரியுதாம், மருந்தை மாத்தணுமாம். உனக்கு?"

"எனக்கும் அப்படியேதான்க்கா இருக்குதாம்" என்று சொல்லி, இவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில், "ஏன் பொய் சொன்னே?" என்று கேட்டேன்.

"எனக்குக் குறைஞ்சிடுச்சுன்னு எப்படிச் சொல்றது? அவங்க தனியாயிடுவாங்கல்ல."

அந்த அம்மாவை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்காக இவள் இப்படி ஒரு பொய் சொல்வாளா என்றுதான் ஓசூர் வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

சதைப் பரிசோதனையில் புற்று இல்லை என்று வந்தது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். அதற்குமேல் மறைக்க முடியாமல் அன்று சாயங்காலமே போன் போட்டு உண்மையைச் சொல்லி அழுதாள். ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் கரகரப்பாகக் கேட்டது.

"அட பைத்தியமே, எனக்கு அன்னிக்கே தெரியும். உன் மூஞ்சியே சொல்லிடுச்சே!"

இத்தனை வருஷம் கூடவே வாழ்பவன் நான். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

போனை வைத்ததும், "அக்காவைப் பார்க்கணும்னா மத்தூர் போயிட்டு வரலாம்" என்றேன்.

"நாளைக்கே போலாமா?" என்றாள். என்னிடம் எதையும் அவள் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.