சட்டைக்குள் போன டை

என் காதலியின் அப்பாவைப் பார்க்கப் போன அன்று நான் தோல் ஜாக்கெட் போட்டிருந்தேன். உள்ளே வெள்ளைச் சட்டை, கழுத்தில் மெரூன் டை. சித்திரை வெயில் வேறு. ஒரகடத்திலிருந்து குன்றத்தூர் வரைக்கும் பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டிரைவர்கூட ஒருமுறை திரும்பினார். கம்பீரமாகத்தான் இருக்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய காலத்து விமானிகள் இப்படி உடுத்திய படங்களைப் போனில் பார்த்ததிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். ஜாக்கெட் பல்லாவரம் சந்தையில் வாங்கியது. ஏற்றுமதியில் கழித்துவிட்ட சரக்கு, இடது பாக்கெட்டில் தையல் கோணல். ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், அன்று அதை மாட்டியது பயத்தில்.

அவள் சுங்குவார்சத்திரத்தில் போன் தயாரிக்கிற கம்பெனி லைனில் வேலை செய்கிறாள். நான் வல்லம் வடகாலில் லேத் மிஷின் ஓட்டுகிறேன். அவள் அப்பாவும் ஒரு காலத்தில் லேத் ஓட்டியவர்தான். சட்டைக்கை சுற்றுகிற மிஷினில் மாட்டி, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே சட்டம்: மிஷின்காரனுக்குப் பெண் கிடையாது.

“ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்லிடேன்,” என்று அவள் கெஞ்சினாள்.

“வாயால சொல்ல மாட்டேன். பார்த்தா அப்டி தெரியட்டும்,” என்றேன். பெரிய அரிச்சந்திரன்!

அவர்கள் வீட்டில் அவள் அப்பா என்னை உட்காரவைத்து மேலும் கீழும் பார்த்தார். “இன்னா தம்பி, வெளிநாடு எதுனா போறியா?”

“இல்ல அங்கிள்.”

“இன்னா வேலை?”

“கம்பெனியில.”

“கம்பெனியில இன்னா?”

அவள் சமையலறை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுவிட்டாள். அவர் கண் என் நெஞ்சிலேயே இருந்தது. நானும் குனிந்து பார்த்தேன்.

டையில் முடிச்சும் நாலு விரல் நீளமும்தான் வெளியே தெரிந்தது. மீதி இரண்டாவது பட்டனுக்குக் கீழே சட்டைக்குள் போயிருந்தது. காலையில் கட்டிய கையோடு நானே செருகியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். எங்கள் ஒர்க்ஷாப்பில் தொங்குகிற எதையும் சட்டைக்குள் விட்டுக்கொண்டுதான் மிஷின் பக்கம் போக வேண்டும், அடையாள அட்டைக் கயிறு உட்பட. பஸ்ஸில் எல்லோரும் ஏன் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“லேத்தா?” என்றார்.

குட்டு உடைந்தபிறகு என்ன மறைப்பது? “ஆமா அங்கிள். ஏழு வருஷம்.”

“கையக் காட்டு.”

இரண்டு கையையும் நீட்டினேன். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார், குழந்தை பிறந்ததும் பார்ப்பார்களே, அப்படி. பத்தும் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் கையை விடவில்லை.

“அன்னிக்கு நான் சட்டக்கைய மடிச்சி வுடல,” என்றார். “அவ்ளோதான் தப்பு.”

பிறகு அந்த மூன்று விரலால் என் டையை மெதுவாக வெளியே இழுத்து, சட்டைமேல் நீவிவிட்டார்.

“இங்க மிஷின் எதுவும் ஓடல. ஜாக்கெட்ட கழட்டிட்டு ஃபேனுக்கு நேரா ஒக்காரு மாப்ள, வேர்த்து ஊத்துது பாரு.”