இரண்டாவது ரத்தம்

சக்கரவர்த்தி 1971-ல் மலேரியா ஒழிப்பில் ரத்தம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். பதினைந்து வருஷத்தில் ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகள் அறுபதாயிரத்துச் சொச்சம் பார்த்திருப்பார் என்று பிறர் சொன்னால், "62,418" என்று திருத்துவார். கீழ்பென்னாத்தூர்ச் சந்தையில் அவரைக் கண்டால், "விரலை மறைச்சிக்கடா, ஊசி வருது" என்று கிண்டல் செய்வார்கள்.

1986 ஐப்பசிக் கடைசியில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த முப்பத்தாறு துண்டுகளிலும் மலேரியாக் கிருமி இல்லை. காய்ச்சலோ இருந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறித்துப் போட்டது போல் உடம்பு. டெங்கு என்று அவருக்குச் சந்தேகம். அதை உறுதியாகச் சொல்ல ஒருவரிடமே இரண்டு முறை ரத்தம் எடுக்க வேண்டும்: காய்ச்சல் கண்டதும் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் வெளியூர் ஆய்வகம் பெயர் சொல்லும்.

அந்தக் கிராமத்து எல்லம்மாளின் மகள் சந்திரகலாவிடம், காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே முதல் ரத்தம் கிடைத்தது. அன்று திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

திருவண்ணாமலையில் யாத்திரிகர்களுக்காகச் சத்திரங்களில் தொட்டி தொட்டியாய் நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சக்கரவர்த்தி பதினொரு தொட்டிகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்பதில் டெங்கைப் பரப்பும் கொசுவின் புழு நெளிந்தது. நகரச் சுகாதார ஆய்வாளர் ராமதாஸிடம் ஓடினார். அவர் கெட்டவர் அல்ல.

"பேர் இல்லாத காய்ச்சலுக்கு நான் என்னன்னு எழுதறது சார்? தீப நேரத்துல தொட்டியக் கவுத்தா ஜனங்க என்னைக் கவுத்துடுவாங்க. பேரைக் கொண்டாங்க, அன்னிக்கே கவுக்கறேன்."

முதல் ரத்தம் எடுத்த பதினான்காம் நாள் ஐஸ் குடுவையோடு போனார் சக்கரவர்த்தி. எல்லம்மாள் வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியது. காய்ச்சல் விடும்போது சந்திரகலாவின் உடம்பெங்கும் சிவப்பாகத் தடித்ததாம். அம்மை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீடுகளிலும் அப்படியே. கடைசிப் பிள்ளைக்கும் இறங்கிய பிறகு தெருவுக்கே சேர்த்துத் தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றுவது என்று ஏற்பாடு.

"ஆத்தா வூட்ல இருக்கா சார். ஊசிய உள்ள கொண்டாராதீங்க," என்றாள் எல்லம்மாள். "மூணாந் தண்ணி ஊத்தட்டும். ரெண்டு கையையும் நானே புடிச்சிக் குடுக்கறேன்."

இது அம்மை இல்லை என்று அவர் எடுத்துச் சொன்னார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். நோய்க்குப் பெயர் வேண்டுமென்று இவர் நிற்க, ஆத்தாளுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு என்று அவள் நின்றாள்.

தினமும் வந்து நிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வேப்பிலை காயக் காயப் புதிதாய்ச் செருகினார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று எல்லம்மாள் சொன்ன சொல் தவறாமல் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தாள். தீபத்துக்கு அப்போது மூன்றே நாள்.

மலைமேல் தீபம் ஏறியது. சத்திரத்துத் தண்ணீரைக் குடித்து, அங்கேயே படுத்து எழுந்து, ஜனங்கள் பஸ் பஸ்ஸாகக் கிளம்பிப் போனார்கள். மூன்றாம் நாள் ஆய்வகக் கடிதம் வந்தது. முதல் ரத்தத்தைவிட இரண்டாவதில் நோய் எதிர்ப்புப் பொருள் எட்டு மடங்கு, டெங்கு. ராமதாஸ் அன்றே தொட்டிகளைக் கவிழ்த்தார். தொட்டிகளில் புழு குறைவாகவே இருந்தது. மிச்சமெல்லாம் கொசு பறந்துபோன கூட்டுப்புழுத் தோல், காலியாய் மிதந்தது.

ஆறாம் நாள் காலை கீழ்பென்னாத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் இருபத்தேழு பேர் காய்ச்சலோடு குந்தியிருந்தார்கள். எந்த ஊர் என்று ஒவ்வொருவரையும் சக்கரவர்த்தி கேட்டார். பதினேழு ஊர். எதிலும் அதுவரை காய்ச்சல் இருந்ததில்லை.

"எங்க போயிருந்தீங்க?" என்றார், முதலில் இருந்த தங்கம்மாளிடம்.

"எங்க போவப் போறேன். தீபம் பாக்கத்தான் போனேன் சார்."

பின்னால் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.