திட்டு விழாத கேசட்

எழுபது வயதில் அப்பா என்னோடு சீட்டாடும்போது, இடுப்பில் கட்டிய லுங்கிச் சாரத்து மடிப்புக்குள் சீட்டை ஒளிக்கிறார். முத்தையாபுரத்துக்கு அவரைப் பார்க்க வருகிற ஞாயிறெல்லாம் இந்தக் கூத்துதான். இந்தப் புத்தியை நான் முதலில் காதால்தான் கேட்டேன்.

நான் நாலாம் வகுப்பு. கார்கில் சண்டை. பட்டாளத்திலிருந்த அப்பா எல்லையிலிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட் அனுப்பினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு டேப் ரெக்கார்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "நல்லா இருக்கேன்" என்று ஒரே வரி. அதற்குள் யாரோ சீட்டாடக் கூப்பிட, டேப்பை நிறுத்த மறந்துவிட்டார். மீதி முழுக்க ஆட்டச் சத்தம். கூட இருந்த சிப்பாய், நம்ம பக்கத்துப் புன்னைக்காயல் ஊர்க்காரர், "ஏலே களவாணி, சீட்ட எங்கல ஒளிச்ச?" என்று அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"பொண்டாட்டி பிள்ளைட்ட பேச இந்த மனுசனுக்கு நேரமில்ல, பாத்தியாளா!" என்று பொரிந்து தள்ளிய அம்மா, தினமும் சமைக்கும்போது அதையேதான் போட்டுக் கேட்டாள்.

அடுத்த கேசட்டில் அப்பா அரை மணி நேரம் எங்களிடம் மட்டுமே பேசினார். ஆட்டமே இல்லை. அம்மா மறுபக்கத்தையும் போட்டுப் பார்த்தாள்.

"ஏளா, அந்தத் திட்டுத அண்ணாச்சி சத்தத்தக் காணுமே" என்றாள். அதற்குப் பிறகு வந்த எந்தக் கேசட்டிலும் அந்தக் குரல் இல்லை.

இப்போது சாரத்திலிருந்து சீட்டு நழுவிக் கீழே விழுகிறது.

"களவாணித்தனம் பண்ணாதியப்பா!" என்று கத்துகிறேன்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாத் திட்டுளா" என்கிறார் அப்பா.