தொட்டால்தான் சண்டை

சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையிடம், "நீ கேட்டிருக்கக் கூடாது" என்று எந்த முகத்தோடு சொல்வது? போன வருஷத்திலிருந்து இதை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், வரிசையாகச் சொல்லலாம். கடைசியில் என் பெயரும் இருக்கும்.

நாங்கள் இருப்பது கிள்ளானில், கணவரின் குடும்ப வீட்டில். கணவர், நான், எட்டு வயது மகள், என் கொழுந்தன். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். கொழுந்தனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. இன்னும் கல்யாணம் ஆகாதவர். சம்பளம் வாங்கியதும் டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்து ஹாலில் வைத்தார். நான் ரயில் பிடித்து வீடு வந்து சேரும் நேரத்தில் அவரும் என் மகளும் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கேசட்டெல்லாம் ஜப்பான்காரன் போட்டது. திரையில் வரும் எழுத்து எங்கள் யாருக்கும் தெரியாது. ஊர் ஊராக நடந்து, பூதங்களோடு சண்டை போட்டு, பலம் சேர்த்துக்கொண்டு போகும் கதை என்பது மட்டும் புரியும்.

முதலில் அவர் வைத்திருந்த கேசட்டை நான் தடை செய்தேன். அதில் எதிரிகள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். பச்சைப் புல்வெளி வெறிச்சென்று கிடக்கும். நாம் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்போம். திடீரென்று திரை மின்னி, சுழன்று, எங்கிருந்தோ நாலைந்து பூதங்கள் முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் என் மகளின் தோள் தூக்கிப் போடும். சில நாளில் குளியலறைக்குப் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். "எங்கேருந்து வரும்னு தெரியாதும்மா" என்றாள். நான் பயந்த சுபாவம். பிள்ளைக்கும் அது ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை. கேசட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வாரம் கொழுந்தன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வேறொரு கேசட் வாங்கி வந்தார்.

"அண்ணி, இது வேற மாதிரி. இதுல எதிரி எல்லாம் கண்ணுக்கு நல்லாத் தெரியும். அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருக்கும். நாம போய்த் தொட்டாத்தான் சண்டை. இல்ல, அது வந்து நம்மளத் தொடணும். சும்மா சும்மா குதிச்சு வராது லா."

"தொடலைன்னா?"

"தொடலைன்னா ஒண்ணுமில்ல. பக்கத்துலயே நடந்து போயிடலாம்."

அப்படியானால் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் போட்ட சட்டம். விளையாடலாம், ஊர் சுற்றலாம், கதை பார்க்கலாம். யாரையும் அடிக்கக் கூடாது. பெண்கள் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் படித்துவிட்டு, அடிதடி விளையாட்டு பிள்ளைகளை முரடாக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு மிகவும் சுலபமான வழியாகத் தெரிந்தது. கொழுந்தன் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சரி லா அண்ணி. நீங்க சொன்னா சரிதான்."

அந்தச் சிரிப்புக்கு அன்றே அர்த்தம் கேட்டிருக்க வேண்டும்.

என் மகள் சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். காளான் மாதிரி ஒன்று, சதுரமாக நடக்கும். மூலைக்கு மூலை நின்று திரும்பும். வௌவால் ஒன்று வட்டம் போடும். நாய் மாதிரி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். மெதுவாகப் போனால் எழுந்திருக்காது, ஓடினால் விழித்துக்கொண்டு துரத்தும். குண்டு பூதம் ஒன்று, அதன் முகத்துக்கு நேரே போனால் மட்டும் பாய்ந்து வரும். அதன் முதுகுப் பக்கமாக நாம் போய்த் தொட்டால் முதல் அடி நம்முடையதாம். அது நம் முதுகில் வந்து மோதினால் முதல் அடி அதனுடையதாம். இதையெல்லாம் கொழுந்தன்தான் விளக்குவார். மகளுக்கு அந்தப் பேச்சு தேவைப்படவில்லை. எது எப்போது திரும்பும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தேவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். காளான் திரும்பியதும் சந்தில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். போனதும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் தலையசைக்க வேண்டும். அசைப்பேன்.

கதையில் தவிர்க்கவே முடியாத சண்டை ஒன்றிரண்டு வந்தது. அப்போது பட்டன் வைத்த கைப்பிடியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். அவர் விளையாட்டு ஆளின் பையில் இருந்த மருந்து, வெடி எல்லாவற்றையும் செலவழித்து எப்படியோ ஜெயித்துவிட்டுக் கூப்பிடுவார். அவள் வந்து மறுபடி நடப்பாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆபீஸில் கூடச் சொன்னேன். ஆனால் அந்தப் பெருமையை என் நாத்தனார் ஒரே வாக்கியத்தில் கெடுத்தார். காப்பாரில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பையன்களோடு வருவார். அவர் பையன்கள் அதே கேசட்டைப் போட்டுக் கண்ணில் பட்டதையெல்லாம் இடித்துத் தள்ளுவார்கள். சோபாவில் ஏறிக் குதிப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் மகள் முறை வந்ததும் அவள் ஒதுங்கி ஒதுங்கிப் போவதைப் பார்த்து நாத்தனார் சொன்னார்: "பாருங்கடா, பொம்பளப் புள்ளன்னா இப்படித்தான் இருக்கணும். எவன் வம்புக்கும் போகாம, இடிக்காம, ஓரமா. நல்லா வளத்திருக்கம்மா."

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அதற்காகவா நான் சட்டம் போட்டேன்? இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தேத்தண்ணி ஊற்றப் போனேன். பையன் பிறந்திருந்தால் இதே சட்டத்தைப் போட்டிருப்பேனா என்று கேத்தல் கொதிக்கும்வரை யோசித்தேன். போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த வீட்டில் நானும் அப்படித்தானே நடக்கிறேன் என்ற நினைப்பு வந்ததும் இன்னும் எரிச்சலாகி, சீனி போட மறந்துவிட்டேன். அதற்கும் நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னார்.

பள்ளி லீவு தொடங்கிய சமயத்தில் என் மகள் ஒரு மலைக்கோட்டையின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே பெரிய கதவு. கதவுக்கு முன்னால் ஒரு காவல் பூதம். அது நடக்காது, திரும்பாது, தூங்காது. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். சுற்றிப் போக வழியே இல்லை. வழக்கம்போல் கைப்பிடியைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் உள்ளே போனார். பூதம் ஒரு தடவை கையை வீசியது. எங்கள் ஆள் செத்துப்போனான்.

"இன்னொரு தடவை சித்தப்பா."

மறுபடியும் அதே கதை. அதற்கு அடுத்த தடவையும்.

அப்போதுதான் அவர் கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எப்படி ஜெயிக்கிறது கண்ணு? வழியில இருக்கிறதையெல்லாம் அடிச்சாத்தான் லெவல் ஏறும். லெவல் ஏறினாத்தான் பலம். நீ ஒண்ணையும் தொடாம மலை உச்சிக்கு வந்துட்டே. உன் ஆளு இன்னும் பொறந்த குழந்தை மாதிரி இருக்கான்!"

"உனக்கு இது முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டேன். அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"தெரியும் அண்ணி. விளையாடுற எல்லாருக்கும் தெரியும். போர்ட்ல என் கூட்டாளிங்க தினம் கேப்பானுங்க, 'இன்னைக்கு எதையாவது தொட்டாளாடா உன் அண்ணன் மக'ன்னு. எதுவரைக்கும் போறான்னு பாக்கலாம்னு இருந்தோம். செம்ம கெட்டிக்காரி லா. நம்மாளு எவனாலயும் இப்படித் தொடாம வர முடியாது."

"குழந்தை மாசக்கணக்கா நடந்திருக்கா. எல்லாரும் சேர்ந்து வேடிக்கையா பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"சட்டம் போட்டது நீங்கதானே அண்ணி. நான் என்ன செய்றது? சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

நான் கத்தினேன். கல்யாணமாகி வந்து அந்த ஹாலில் நான் சத்தம் போட்டதே இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது எனக்குக் கேட்டது. கணவர் செய்தித்தாளை மடித்தார். "ஒரு கேமுக்கா இவ்வளவு? சரி லா, விடு." அவர் எந்தச் சண்டையையும் தொடாமல் சந்தில் நுழைந்து போய்விடுவார், அதில் என் மகளைவிடக் கெட்டிக்காரர். அவருக்கும் சேர்த்துக் கத்தினேன்.

என் மகள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் அவளை உட்காரவைத்து, சட்டத்தை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "இறங்கிப் போய் வழியில இருக்கிறதை அடி. பலம் வந்ததும் மேலே வரலாம். அம்மா சொல்றேன், பரவாயில்லை."

மலையிலிருந்து இறங்கினாள். காளானின் பின்னால் போய் நின்றாள். ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். வைக்கவில்லை. காளான் மூலைக்குப் போய்த் திரும்பி வந்தது, இவள் விலகினாள். மறுபடி பின்னால் போய் நின்றாள்.

"அடி" என்றேன்.

"இது ஒண்ணும் செய்யலையேம்மா. இது பாட்டுக்கு நடக்குது."

"அது பூதம்."

"எனக்கு இதைத் தெரியும்."

தெரியத்தான் செய்யும். முதல் கேசட்டாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அங்கே எதிரி வருவதும் சாவதும் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். இங்கே அவள் மாதக்கணக்காக ஒவ்வொன்றின் நடையையும் பார்த்திருக்கிறாள். எது தூங்குமூஞ்சி, எது முன்கோபி என்று அவளுக்கு மனப்பாடம். கண்ணில் தெரிகிற எதிரி நல்லது என்று நினைத்தது நான்தான்.

நானே கைப்பிடியை வாங்கினேன். அவளுக்குச் செய்து காட்டிவிட்டால் பயம் தெளியும் என்று நினைத்தேன். எனக்கு அந்தப் பட்டன்கள் பழக்கமில்லை. வௌவால் என் முதுகில் மோதி முதல் அடியைத் தனதாக்கிக்கொண்டது. நாய் விழித்துக்கொண்டது. ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழியாகக் காளானின் முதுகில் போய் இடித்தேன். திரை மாறியது, அடித்தேன், ஜெயித்தேன். கல்யாண வீட்டு மேளம் மாதிரி ஒரு சந்தோஷ இசை வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு நன்றாகவே இருந்தது. இன்னும் இரண்டை அடிக்கலாம் என்று கை பரபரத்தது.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல. வெறும் படம்."

கண்ணை மூடியிருந்த விரல்களை அவள் எடுத்தாள். காளான் நடக்கும் இடம் காலியாக இருந்தது.

"வெறும் படம்னா, முன்னாடி ஏம்மா அடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

 பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. "எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை என்று கவலைப்படுகிறவளும் நானே.

இப்போது நிலைமை இதுதான். தினமும் கொஞ்ச நேரம் அந்த மலையில் ஏறி, கதவுக்கு முன்னால் எட்டி நின்று பார்த்துவிட்டு இறங்கி வருகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். வேறு எந்தப் பொம்மைக்கும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை. கொழுந்தன் தன் தப்பை உணர்ந்தாரோ, என் சத்தத்துக்குப் பயந்தாரோ, "நான் எல்லாத்தையும் அடிச்சுத் தொறந்து விடுறேன் கண்ணு, நீ அப்புறம் வந்து பாரு" என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். தானே போக வேண்டுமாம். தை மாதம் அவருக்குக் கல்யாணம். காஜாங்கில் வீடு பார்த்தாகிவிட்டது. கேம் பெட்டியும் அவரோடு போகிறது. அதற்குள் அவள் கை வைக்க வேண்டும், அல்லது கதவை மறக்க வேண்டும்.

ஒரு நாள் அவளை வற்புறுத்தி அடிக்கவைக்கலாம் என்று தோன்றுகிறது. நாளைக்குப் பள்ளியிலோ வேலையிடத்திலோ அவள் எதிரில் ஒரு கதவு வந்தால் ஓரமாக நின்றுவிடுவாளே என்று பயம் வருகிறது. மறுநாள், தன்னை ஒன்றும் செய்யாததை முதுகில் இடிக்க மாட்டேன் என்கிற பிள்ளையை யாராவது திருத்துவார்களா என்று தோன்றுகிறது.

இதைப் படிக்கிற தாய்மார்கள், பிள்ளை வளர்த்துப் பெரியவர்களாக்கியவர்கள், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? அடி என்றா, விட்டுவிடு என்றா, சித்தப்பாவைத் திறக்கச் சொல் என்றா? எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். "வெறும் விளையாட்டுத்தானே" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை என் வீட்டிலேயே நிறையக் கேட்டாகிவிட்டது.